சுவிஸ் குடும்பச் சின்னங்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சுவிட்சர்லாந்தில் உழவர் வீட்டு நிலைப்படியிலும் கல்லறைக் கல்லிலும் தேவாலயச் சன்னல் கண்ணாடியிலும் கேடய வடிவில் ஒரு சின்னத்தைக் காணலாம். ஜெர்மன் பேசும் பகுதிகளில் இதற்கு 'வாப்பன்' என்று பெயர். இதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் கணவர் சுவிஸ்காரர். குடும்பப் பெயர் மையர். அவர் பிறந்தநாளுக்காக இணையக் கடை ஒன்றில் 'மையர் குடும்பச் சின்னம்' பொறித்த மரப்பலகை வாங்கினேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பழைய கண்ணாடி ஓவியத்தில் இருப்பது வேறு சின்னம் என்கிறார். இரண்டில் எது சரி?
— வாசகி, வின்டர்தூர்

பெரும்பாலும் மாமியார் சொல்வதே சரியாக இருக்கும். சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல, ஒரு மூதாதையின் வழிவந்த குடும்பத்துக்கு உரியது. மையர், முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்கள் நாடெங்கும் தனித்தனியாகத் தோன்றியவை. நில நிர்வாகம் பார்த்தவர் எந்த ஊரிலும் மையர்தான், மாவரைத்தவர் எந்த ஊரிலும் முல்லர்தான். அந்தக் குடும்பங்களுக்குள் உறவும் இல்லை, பொதுச் சின்னமும் இல்லை. பெயரை மட்டும் கேட்டுச் சின்னம் விற்கும் கடை, அந்தப் பெயருள்ள ஏதோ ஒரு குடும்பத்தின் சின்னத்தை எடுத்து உங்களுக்குத் தந்திருக்கும்.

சரிபார்க்கும் வழி இது. முதலில் உங்கள் கணவரின் கடவுச்சீட்டைப் பாருங்கள். மற்ற நாடுகளில் பிறந்த ஊர் எழுதும் இடத்தில் சுவிஸ்காரர்களுக்கு 'ஹைமாட்ஓர்ட்', அதாவது குடும்பம் குடியுரிமை பெற்றிருக்கும் பூர்விக ஊர் எழுதியிருக்கும். அவர் அந்த ஊரில் ஒரு நாளும் வாழாமல் இருந்திருக்கலாம், அது பொருட்டல்ல. தேட வேண்டியது 'மையர்' அல்ல, 'இந்த ஊர் மையர்'. அடுத்து, சுவிஸ் குடும்பப் பெயர்த் தொகுப்பைப் பாருங்கள். சுவிஸ் வரலாற்று அகராதியின் இணையதளத்தில் அதைத் தேடலாம். 1962-இல் எந்தக் குடும்பம் எந்த ஊரில் குடியுரிமை வைத்திருந்தது என்பதோடு, அந்த உரிமை 1800-க்கு முன் வந்ததா, 19-ஆம் நூற்றாண்டில் வந்ததா, 1901-க்குப் பின் வந்ததா என்பதையும் அது காட்டும். 1800-க்கு முந்தையது என்றால் அந்த ஊர் இருக்கும் மாநிலத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பெரும்பாலான மாநிலக் காப்பகங்களில் குடும்பச் சின்னத் தொகுப்பு உண்டு. கடிதத்தில் குடும்பப் பெயர், பூர்விக ஊர், உங்களுக்குத் தெரிந்த மிகப் பழைய மூதாதையின் பெயர், பிறந்த ஆண்டு ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். பெயரை மட்டும் எழுதினால் ஐந்தாறு சின்னங்கள் பதிலாக வரும், குழப்பம் கூடும்.

மூதாதையர் வரிசை தெரியாவிட்டால் பூர்விக ஊருக்கான குடிசார் பதிவகத்தில் குடும்பச் சான்று கேட்கலாம். நாடு முழுவதற்குமான குடிசார் பதிவு 1876-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவர்களைத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண ஏடுகளில்தான் தேட வேண்டும்.

கண்ணாடி ஓவியத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நண்பர் வீட்டுக்கும் விடுதிக்கும் மன்றத்துக்கும் சின்னம் தீட்டிய சன்னல் கண்ணாடியைப் பரிசளிப்பது சுவிஸ் வழக்கம். அடியிலுள்ள பட்டையில் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் இருக்கும். ஆகவே ஒரு வீட்டில் இருக்கும் கண்ணாடி அந்த வீட்டாருடைய சின்னத்தைத்தான் காட்டும் என்பதில்லை. பட்டையில் உள்ள பெயரை முதலில் படியுங்கள். பிறகு நிறத்தைக் கவனியுங்கள். கண்ணாடிமேல் தீட்டிச் சுட்ட நீல எனாமல் காலப்போக்கில் உதிரும். ஒரு காலத்தில் நீலமாக இருந்த தளம் இன்று வெறும் வெள்ளையாகத் தெரியும். மரத்தில் ஒட்டிய வெள்ளித் தகடு கறுத்துக் கருப்புத் தளம் போலாகும். செம்பிலிருந்து எடுத்த பச்சை பழுப்பாகும். ஓரங்களிலும் ஈயச் சட்டத்தின் அடியிலும் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியில் செய்த நகல்களும் ஏராளம். ஆண்டு 1590 என்று எழுதியிருப்பதால் மட்டும் அது 1590-இல் செய்தது ஆகிவிடாது.

சிவப்பு வீரம், நீலம் உண்மை, பச்சை நம்பிக்கை என்று ஒரு பட்டியல் படித்தேன். சுவிஸ் சின்னங்களுக்கும் இது பொருந்துமா?
— வாசகர், திருச்சி

பொருந்தாது. அந்தப் பட்டியல்கள் சின்னங்கள் தோன்றிப் பல காலம் கழித்து எழுதப்பட்டவை. சூரிக்கின் சின்னச் சுருளைப் பாருங்கள். ஏறத்தாழ 1340-ஐச் சேர்ந்த அந்தத் தோல் சுருள் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் சுமார் நான்கு மீட்டர் நீளமும் கொண்டது. சூரிக்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கேடயங்கள் அதில் வரிசையாகத் தீட்டியிருக்கின்றன. சின்னத்தோடு அதற்கு உரியவரின் பெயர் வரும். நிறத்துக்கு விளக்கம் ஓரிடத்திலும் இல்லை. யாருடையது என்று அடையாளம் காட்டுவதே அதன் வேலை.

நிறத்துக்குக் காரணமே கிடையாது என்று சொல்லவில்லை. காரணம் உறவில் இருக்கும்: மேலாதிக்கம் செய்த பிரபுவின் நிறம், ஊர்க்கொடியின் நிறம், பக்கத்துக் கிளையிலிருந்து வேறுபடுத்த மாற்றிய நிறம். ஒரு குடும்பத்தின் சிவப்புக்குப் பொருள் தேடுகிறவர் அது எந்த ஆண்டில் யாருடைய முத்திரையில் முதலில் வந்தது என்று தேட வேண்டும்.

கணவர் வீட்டுச் சின்னத்தில் மூன்று பச்சை மேடுகள், அதன்மேல் கோடுகளால் ஆன விளங்காத ஒரு குறி, இரு பக்கமும் நட்சத்திரம். இதற்கு என்ன பொருள்?
— வாசகி, கூர்

நீங்கள் விவரிப்பது ஆல்ப்ஸ் உழவர் சின்னத்தின் மிகச் சரியான மாதிரி.

நடுவில் இருக்கும் கோட்டுக் குறிதான் அதில் மிகப் பழைய பகுதி. அது வீட்டுக்குறி. கோடரிப் பிடி, பால் பாத்திரம், வெட்டிப் போட்ட மரம், மாட்டின் கொம்பு எல்லாவற்றிலும் 'இது எங்களுடையது' என்று கத்தியால் கீறிய குறி. அதில் வளைவே இருக்காது. மரத்தின் நாரை வெட்டிக்கொண்டு கத்தி வளைந்து போக மறுக்கும் என்பதால் நேர்க்கோடுகளை மட்டும் வைத்து அமைத்தார்கள். அப்பனிடமிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகும் மகன் ஒரு கோட்டைக் கூட்டிக்கொள்வான். வாலிஸ் பள்ளத்தாக்குகளில் மேய்ச்சல் முறையையும் வாய்க்கால் தண்ணீர் முறையையும் கணக்கு வைத்த 'டெஸ்லன்' என்னும் மரக்கட்டைகளில் இந்தக் குறிகளே கையெழுத்தாக இருந்தன. எழுதத் தெரியாத காலத்திலும் யாருக்கு எத்தனை மாடு மேய்க்க உரிமை என்று அந்தக் கட்டை சொல்லும். பிறகு ஊர்த் தலைவராகவோ நடுவராகவோ தேர்வான உழவர் ஆவணத்தில் முத்திரை இட வேண்டி வந்தது. அவர் தம் வீட்டுக்குறியையே கேடயத்துக்குள் வைத்து முத்திரை வெட்டினார். சுவிட்சர்லாந்தில் பிரபுக்கள் அல்லாதவர்களிடம் சின்னங்கள் இத்தனை பெருகியதற்கு இந்தத் தன்னாட்சி ஊர்களும் அவற்றின் முத்திரைத் தேவையும் பெரிய காரணம்.

மூன்று மேடுகளை மும்மலை என்கிறோம். அது குறிப்பிட்ட எந்த மலையும் அல்ல. கேடயத்தின் அடியில் எதையாவது நிறுத்த ஒரு தரை வேண்டும், அதற்காக வருவது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் வெற்றிடத்தை நிரப்பவும் ஒரு கிளையை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டவும் வந்தவை. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை குறியில் இருக்கிறது. கணவரின் பூர்விக ஊரில் 1700-க்கு முன் கட்டிய மரவீடுகளின் உத்தரத்தைப் பாருங்கள். கட்டியவர் பெயரெழுத்து, ஆண்டு, வீட்டுக்குறி மூன்றும் சேர்த்துச் செதுக்கியிருப்பார்கள். அதே குறி அங்கே கிடைத்தால் சின்னத்தின் வேர் கிடைத்துவிட்டது.

சின்னத்தில் பெயரையே படமாக வைப்பார்களாமே?
— வாசகர், மதுரை

ஆம், மிக அதிகம். முல்லர் வீட்டில் ஆலைச்சக்கரம், ஷ்மிட் (கொல்லர்) வீட்டில் சுத்தியல் அல்லது லாடம், ஃபிஷர் (மீனவர்) வீட்டில் மீன். மாநிலங்களும் இதைச் செய்தன: பேர்னுக்குக் கரடி (ஜெர்மனில் 'பேர்'), ஊரிக்கு மூக்கு வளையமிட்ட காளைத்தலை ('ஊர்' என்றால் காட்டெருது), ஷாஃப்ஹவுசனுக்கு ஆட்டுக்கடா ('ஷாஃப்' என்றால் ஆடு). பெயருக்கும் படத்துக்கும் இடையே உள்ள தொடர்பு சில இடங்களில் ஒலி ஒற்றுமை மட்டுமே, பெயரின் உண்மையான வரலாறு வேறாக இருக்கும்.

பழைய முத்திரை அச்சு ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. நிறம் என்னவென்று கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகர், கொழும்பு

உலோகத்திலும் தாளிலும் நிறத்தைக் கோடுகளால் காட்டும் முறை 17-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1638-இல் வெளியான நூலில் அதைப் பரப்பியவர் சில்வெஸ்ட்ரோ பெத்ரா சாங்தா என்னும் இயேசு சபைத் துறவி. புள்ளிகள் பொன். வெறுமையாக விட்டால் வெள்ளி. மேலிருந்து கீழாக வரும் நெடுங்கோடு சிவப்பு. கிடைக்கோடு நீலம். பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் நோக்கிச் சாயும் கோடு பச்சை, அதற்கு எதிர்ச்சாய்வு ஊதா. நெடுக்கும் கிடையும் குறுக்கிட்டால் கருப்பு.

உங்கள் முத்திரை 1630-க்கு முந்தையதானால் இந்த முறையைப் பொருத்திப் பார்க்கவே கூடாது. அந்தக் காலத்துச் செடிகொடி வேலைப்பாடும் கட்டங்களும் வெறும் அலங்காரம். பிந்தையதாக இருந்தாலும் வெறுமையான தளத்தை 'வெள்ளி' என்று உடனே முடிவு செய்யாதீர்கள், செதுக்கியவர் கோடு போடாமலே விட்டிருக்கலாம். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. முத்திரை அச்சுக்கட்டையை நேரே படம் எடுத்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும், பச்சை ஊதாவாகிவிடும். மெழுகில் பதித்து அந்தப் பதிவைப் படியுங்கள்.

இடவலம் பற்றி இன்னொன்று. சின்னத்தில் 'வலம்' என்றால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலக்கை, பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். விலங்குகள் வழக்கமாக அந்தப் பக்கமே பார்த்து நிற்கும்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக பேர்ன் மாநிலத்தில் இருக்கிறோம், இப்போது சுவிஸ் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. எங்களுக்கும் வாப்பன் வைத்துக்கொள்ள உரிமை உண்டா? பனைமரம் வைக்க ஆசைப்படுகிறோம்.
— வாசகர், துன்

உரிமை முழுமையாக உண்டு. இங்கிலாந்தில் சின்னத்தை அரசியின் அல்லது அரசரின் பெயரால் வழங்க ஓர் அலுவலகம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. யாரும் தமக்கு ஒரு சின்னத்தை ஏற்றுக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி வேண்டாம், பட்டமும் வேண்டாம். நிபந்தனை இதுதான்: பிறர் குடும்பத்தின் சின்னமோ, மாநில, ஊராட்சிச் சின்னமோ ஆகக்கூடாது. ஏற்றுக்கொண்ட சின்னத்துக்குக் குடிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் பெயருக்குத் தரும் பாதுகாப்பை ஒத்த பாதுகாப்பு கிடைக்கிறது. ஆகவே பிறர் உங்கள் சின்னத்தை எடுத்தால் நீங்கள் தடுக்கலாம், நீங்கள் பிறருடையதை எடுத்தாலும் அப்படியே. இப்போது உங்களுக்கும் கடவுச்சீட்டில் ஒரு ஹைமாட்ஓர்ட் வந்துவிட்டது. பிள்ளைகள் அதைத் தொடர்ந்து சுமப்பார்கள். இந்தத் தலைமுறையில் சின்னம் ஏற்பது நல்ல காலத்தில் செய்யும் காரியம்.

பனை மிக நல்ல தேர்வு. தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் மரம், எளிய உருவம். ஆனால் புகைப்படத்தில் இருப்பது போல வரையக் கூடாது. தண்டு நேராக நிற்க வேண்டும், வளைந்தால் தென்னையாகிவிடும். ஓலைகள் விசிறி வடிவில், ஏழு போதும், இரு பக்கமும் சமமாக. காய்க்குலை தெரிய வேண்டுமானால் அளவில் பெரிதாக்குங்கள்.

நிறத்துக்கு ஒரே விதி. பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு, ஊதா ஆகியவை நிறம். உலோகத்தின்மேல் உலோகமும் நிறத்தின்மேல் நிறமும் வரக்கூடாது. போர்க்களத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த விதி, இன்று கைப்பேசித் திரையிலும் அதே காரணத்துக்காகப் பயன்படுகிறது. பச்சைப் பனையை நீலத் தளத்தில் வைத்தால் ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது. வெள்ளித் தளத்தில் வையுங்கள். தண்டையும் பச்சையாகவே விடுங்கள். பழுப்பு 'இயற்கை நிறம்' சேர்த்தால் சின்னம் படமாகிவிடும். காய்கள் கருப்பாக, ஓலைக்கு வெளியே வெள்ளித் தளத்தின்மேல் விழும்படி பக்கத்துக்கு மூன்று. காயைப் பொன்னாக்க நினைத்தால் வெள்ளியின்மேல் பொன் வந்து கரைந்துபோகும். மொத்தம் மூன்று நிறங்கள், அதற்குமேல் வேண்டாம். பனையின் அடியில் மும்மலை வைத்தால் புதிய மண்ணில் ஊன்றி நிற்பதாக இருக்கும், சுவிஸ் கண்ணுக்கும் பழகியது. பூர்விக ஊரின் சின்னத்திலிருந்து ஒரு நட்சத்திரத்தையோ ஒரு நிறத்தையோ எடுத்துக்கொள்ளலாம். பேர்ன் கரடியை அப்படியே தூக்கி வைக்காதீர்கள்.

வரைந்ததை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கி அச்சிட்டுப் பாருங்கள். அதில் தெரியாத எந்த உறுப்பும் வேண்டாதது. அடுத்து நிறமில்லாமல், மேலே சொன்ன கோட்டு முறையில் ஒரு பிரதி வரையுங்கள். பிறகு மாநில ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி, இதே போன்ற சின்னம் அவர்கள் தொகுப்பில் உள்ளதா என்று கேளுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மோதிரமும் பொன்னெழுத்து அழைப்பிதழும் செய்தபின் மாற்ற வேண்டி வந்தால் செலவு இரட்டிப்பு.

கடைசியில் ஓர் ஏற்புப் பத்திரம் எழுதுங்கள். தேதி, ஏற்பவர்கள் பெயர், பூர்விக ஊர், யாருக்கெல்லாம் உரிமை என்பதெல்லாம் வேண்டும். மகன் வழி மட்டுமா, மகள் வழியும் உண்டா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள், பிற்காலத்தில் சண்டை வருவது இதில்தான். சின்னத்தைச் சொல்லால் விவரிக்கும் வாசகமும் வேண்டும்: 'வெள்ளித் தளம், பச்சை மும்மலைமேல் ஏழு ஓலையுள்ள பச்சைப் பனை, இரு பக்கமும் மும்மூன்று கருங்காய்கள்.' ஜெர்மனிலும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாசகம்தான் சின்னம், ஓவியம் அதன் ஒரு வடிவம் மட்டுமே. சுவிஸ் தேசியக் கொடியின் சிவப்புக்குச் சட்டம் பாண்டோன் 485 என்று எண் வைத்திருக்கிறது. குடும்பச் சின்னத்தில் 'சிவப்பு' என்றால் எந்தச் சிவப்பும் செல்லும், பச்சையும் அப்படியே. பத்திரத்தை அமிலமற்ற தாளில் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை ஊராட்சிக்கோ காப்பகத்துக்கோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

தலைக்கவசமும் கிரீடமும் கட்டாயமா?
— வாசகி, பாசல்

இல்லை, கேடயம் மட்டும் போதும். தலைக்கவசம் சேர்ப்பதானால் குடிமக்கள் குடும்பங்களுக்கு வழக்கம் கண்ணருகே குறுகிய பிளவு மட்டும் உள்ள மூடிய கவசம். கம்பிகள் பதித்த திறந்த கவசம் பிரபுக்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது. பழைய கோதிக் பாணியில் கேடயம், கவசம், அதன்மேல் உருவம் மூன்றின் உயரமும் ஏறத்தாழ 3:2:3. கவசத்திலிருந்து தொங்கும் துணியின் வெளிப்புறம் கேடயத்தின் நிறம், உட்புறம் உலோகம். கிரீடத்தை விட்டுவிடுங்கள். 1848-இன் அரசமைப்பே பிறப்பால் வரும் முன்னுரிமைகளை ஒழித்துவிட்ட நாடு இது.

கணவன், மனைவி இருவர் சின்னத்தையும் சேர்த்து வைக்கலாமா?
— வாசகி, லொசான்

இரண்டு கேடயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சற்றுச் சாய்த்து வைப்பதே வழக்கம். கணவருடையது பார்ப்பவருக்கு இடப்பக்கம். அதில் சிங்கமோ கரடியோ இருந்தால் மனைவியின் சின்னத்தைப் பார்க்கும்படி திருப்பி வரைவார்கள். இது மரியாதைக்காகச் செய்வது, சின்னம் மாறியதாகாது. தாத்தா பாட்டி காலத்துத் திருமணக் கண்ணாடியிலிருந்து ஒற்றைச் சின்னத்தைப் பெயர்த்து எடுக்கிறவர்கள் இதை மறந்து, திரும்பிய சிங்கத்தை அப்படியே பிரதி எடுத்துவிடுகிறார்கள். திருப்பி நேராக்குங்கள்.

தூர்காவ் சின்னத்தில் வெள்ளைமேல் பொன் சிங்கம் இருக்கிறதே, விதி மீறல் அல்லவா?
— வாசகர், ஃப்ராவன்ஃபெல்ட்

மீறல்தான். சிங்கங்கள் கிபுர்க் பிரபுக்களிடமிருந்து வந்தவை, அங்கே அவை வேறு நிறத் தளத்தில் நின்றன. 1803-இல் புதிய மாநிலம் பச்சையும் வெள்ளையும் எடுத்துக்கொண்டு, அதே பொன் சிங்கங்களை அவற்றின்மேல் வைத்தது. பச்சைப் பாதியில் உள்ள சிங்கம் தெளிவாகத் தெரியும், வெள்ளைப் பாதியில் உள்ளது வெளிறும். விதி எதற்காக என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

எங்கள் உணவகத்தின் பட்டியலில் சுவிஸ் சிலுவையும் பேர்ன் கரடியும் போடலாமா?
— வாசகர், பேர்ன்

2017 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி கொடியும் கேடயமும் வெவ்வேறு. சுவிஸ் சிலுவையைக் கொடியாக, உண்மையில் சுவிஸ் தயாரிப்பான பொருளுக்கோ சுவிஸ் சேவைக்கோ பயன்படுத்தலாம். கேடயத்துக்குள் வைத்த சிலுவை கூட்டாட்சி அரசுக்கு மட்டுமே உரியது. பேர்ன் கரடி உள்ள கேடயமும் அப்படியே மாநிலத்துக்கும் நகருக்கும் உரியது. கேடயமும் பேர்ன் சின்னத்தில் கரடி நிற்கும் சாய்வுப் பட்டையும் இல்லாமல் நீங்களே வரைந்த வேறொரு கரடி போடுவதில் தடையில்லை, அரசு நிறுவனம் என்ற எண்ணம் யாருக்கும் வராதபடி இருந்தால் போதும்.